கோழிக்கொட்டிலுக்கு வாங்கிய ஈப்பொறி: இரண்டு மாதப் பயன்பாட்டிற்குப் பிறகு

எங்கள் புழக்கடைக் கொட்டிலில் 12 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. ஐப்பசி மழை பிடித்ததும் ஈக்கள் பெருகிச் சமையலறை வரை மொய்க்கத் தொடங்கின. அண்டை வீட்டிலிருந்தும் குறை வந்த பிறகு, தீவனக் கடையில் 300 ரூபாய்க்குள் ஓர் ஈப்பொறி வாங்கினேன். துளையிட்ட மஞ்சள் மூடி கொண்ட பிளாஸ்டிக் குடுவையும் இரைப்பொடிப் பொட்டலமும்தான் அது. பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தொங்கவிட்டால், வாடைக்கு வரும் ஈக்கள் உள்ளே நுழைந்து, வெளியேற வழி தெரியாமல் நீரில் விழுந்து மடிகின்றன. கோழிகள் செத்த ஈயையும் கொத்தித் தின்பவை என்பதால், பூச்சிக்கொல்லி சேர்க்காத இரை என்று உறையில் அச்சிட்டிருந்ததைப் பார்த்தே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வாரம் ஏமாற்றமாகவே கழிந்தது. கொட்டிலின் தாழ்வாரத்திலேயே குடுவையைத் தொங்கவிட்டதால், அதன் வாடை சுற்றுவட்டாரத்து ஈக்களையெல்லாம் கோழிகளிடமே அழைத்து வந்தது. எங்கே தொங்கவிட வேண்டும் என்று உறையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. பிறகு 25 அடி தள்ளி, வெயில் படும் முருங்கைக் கிளைக்கு மாற்றினேன். வெயிலில் இரை நன்றாகப் புளித்து, நான்கே நாளில் குடுவையின் அடியில் ஈக்கள் இரண்டு விரற்கடை உயரத்திற்குப் படிந்துவிட்டன. ஆயினும், வாடை அழுகிய மீனை ஒத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் வற்றினால் செத்த ஈக்களே மிதவையாகிப் புதிய ஈக்கள் மூழ்காமல் தப்புகின்றன. கனமழையில் மூடியின் துளை வழியே நீர் புகுந்து வழிகிறது. அதைத் தடுக்க மேலே ஒரு தகரத்துண்டைக் கட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பொறி பறக்கும் ஈயை மட்டுமே பிடிக்கும் என்பதை வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு பெண் ஈ ஒரே தடவையில் நூறு முட்டைகள் வரை ஈரமான எச்சத்தில் இடக்கூடியது. நம் ஊர் வெப்பத்தில் அந்த முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறக்க 7 முதல் 10 நாட்களே போதும். எங்கள் கொட்டிலில் அந்த ஈரத்தைக் கொடுத்தது, கோழிகள் தட்டிக் கவிழ்த்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தட்டு. அதைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, தரையில் உமியும் அடுப்புச் சாம்பலும் தூவி, வாரம் இருமுறை எச்சத்தை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு இறுக மூடினேன். குவியலுக்குள் எழும் சூட்டிலேயே புழுக்கள் மடிந்தன. ஈக்கள் கண்கூடாகக் குறைந்தது இதற்குப் பிறகுதான். வெளியிலிருந்து வந்து சேர்பவற்றையும் மிஞ்சியவற்றையும் பொறி பார்த்துக்கொண்டது. ஈயைத் தின்னும் கோழிக்கு அதன் வழியே நாடாப்புழு தொற்றக்கூடும் என்பதால், இந்த உழைப்பைத் தொல்லை நீக்கமாக மட்டும் நான் கருதவில்லை. கோழிகளின் உடல்நலமும் இதில் அடங்கியிருக்கிறது.

எச்சத்தை ஒழுங்காக வாருபவர்களுக்கு இது தாராளமாக வாங்கத் தக்க பொருள். மற்றவர்கள் எத்தனை குடுவை தொங்கவிட்டாலும் அவை நிரம்பிக்கொண்டே இருக்கும், ஈ குறையாது. இரைப்பொடியை மட்டும் தனியாக விற்றால் நன்றாக இருக்கும். நான் கேட்ட கடையில் முழுக் குடுவையாகத்தான் கொடுத்தார்கள். நிரம்பிய குடுவையைக் கோழிகள் கிளறும் இடத்தில் கொட்டிவிடாதீர்கள். முழங்கை ஆழத்திற்குக் குழி தோண்டிக் கவிழ்த்து, மண்ணை மிதித்து மூடிவிடுங்கள்.