"பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோங்க்கா"ன்னு சொல்ற வெட்டிங் பிளானர்கிட்ட ஜாக்கிரதை (கோவை, திருப்பூர், பொள்ளாச்சி பக்கம்)

தை மாசி முகூர்த்தத்துக்கு இப்பவே தேதி குறிச்சு போட்டோக்காரர், டெக்கரேஷன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு இருக்கறவங்க எல்லாரும் இதைப் படிச்சிருங்க, கொஞ்சம் நீளமா இருக்கும், பரவால்ல படிங்க. என் தங்கச்சி கல்யாணத்துல எங்களுக்கு நடந்தது இது. கேஸ் நடந்துட்டு இருக்கறதால அந்த கம்பெனி பேரு இங்க போடலை.

நாங்க சூலூர் பக்கமுங்க. ஆயிரம் பேரைக் கூப்பிட்டு மண்டபம் புடிச்சு பண்ற கல்யாணம் வேண்டாம், நெருங்குன ஒறம்பரை மட்டும் ஒரு எம்பது பேரு போதும், மொத நாளு பொழுதோட எங்க தோட்டத்துலயே சீரு சடங்கு, அடுத்த நாள் வெடியால கோயில்ல தாலின்னு ரெண்டு வீட்டுலயும் பேசி முடிவு பண்ணிட்டோம். ஆளு கம்மின்னா வேலையும் கம்மின்னு எல்லாரும் நெனைக்கறாங்க, அப்படி இல்லைங்க. மண்டபத்துல மேனேஜர் இருப்பாரு, கரெண்டுக்கு ஆளு இருக்கும், தோட்டத்துல தண்ணி லாரில இருந்து ஜெனரேட்டர் வரைக்கும் நாமதான் ஓடோணும். அதனால தான் எல்லாத்தையும் ஒருத்தரே பாத்துக்கறாங்கன்னு ஒரு வெட்டிங் பிளானர் பையன்கிட்ட பேக்கேஜ் பேசினோம். நிச்சயத்துக்கு முன்னாடி ஒரு அவுட்டோர் ஷூட், நிச்சயம், சீரு, தாலி எல்லாத்துக்கும் போட்டோ வீடியோ, ஆல்பம், சின்ன பந்தல் அலங்காரம், கோயில் புக்கிங், எல்லாம் சேத்து 1,85,000. அட்வான்ஸ் 90,000 குடுத்தோம். நல்லாத்தான் பேசினான் அந்தப் பையன், வாய்க்கு வாய் அக்கா அக்கான்னு.

மொத பிரச்சனை ஷூட் எங்க எடுக்கறதுங்கறதுல ஆரம்பிச்சது. தங்கச்சிக்கு ஆசை என்னன்னா எங்க அம்மிச்சி (அம்மாவோட அம்மா) ஊரு கோபி பக்கம், சின்ன வயசுல லீவுக்கு எல்லாம் அங்கதான் கெடப்போம், அந்த தடப்பள்ளி வாய்க்கால் கரை, நெல்லு வயலு, அப்படியே கொடிவேரி அணை, அங்க எடுக்கோணும்னு. இவன் என்ன சொன்னான்னா கோபில எல்லாரும் எடுத்துத் தள்ளிட்டாங்க்கா, பழசாயிருச்சு, டாப்சிலிப் போலாம், மூங்கில் காடு, பனி, லுக்கே வேற, பாரஸ்ட்ல எனக்கு ஆளு இருக்கு, பர்மிஷன் நான் வாங்கித் தரேன், அதுக்கு மட்டும் தனியா 18,000 ஆகும்னான். போன்ல போட்டோ எல்லாம் காட்டினான், அழகா இருந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுலயும் சரின்னுட்டாங்க. பர்மிஷன் லெட்டர் காட்டுங்க தம்பின்னு நான் வாட்ஸ்அப்ல கேட்டது இன்னும் இருக்கு, "ஸ்பாட்ல குடுப்பாங்க்கா"ன்னு அவன் போட்ட பதிலும் இருக்கு.

ஸ்பாட்ல என்ன நடந்துச்சு? வெடியால நாலு மணிக்கே பிள்ளைக்கு மேக்கப் போட்டு, பட்டுப் புடவை கட்டி, ரெண்டு கார்ல கெளம்பி சேத்துமடை செக்போஸ்ட்டுக்குப் போனா அங்க இருந்த வனத்துறை ஆளுங்க லைட்டு, ரிப்ளெக்டர், ட்ரோன் பொட்டி எல்லாத்தையும் பாத்துட்டு மேலதிகாரி குடுத்த கடிதம் எங்கன்னு கேட்டாங்க. இவன் யாருக்கோ போன் போடறான், எடுக்கவே இல்லை. அவங்க மரியாதையாத்தான் சொன்னாங்க, சும்மா சுத்திப் பாக்க வரது வேற, இந்த மாதிரி சாமானத்தோட ஷூட்டிங் வரது வேற, இது ஆனைமலை புலிகள் காப்பகம்னு. அப்புறம் விசாரிச்சப்ப தான் தெரிஞ்சது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி சரணாலயத்துக்குள்ள படம் எடுக்கறதுக்கு அனுமதி குடுக்கற அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தான், முன்கூட்டியே எழுதிக் குடுத்து வாங்கோணும். செக்போஸ்ட்ல நின்னுட்டு தெரிஞ்ச ஆளு மூலமா வாங்கற விஷயமே இல்லை. ஆனைமலைக்கு மட்டும் இல்லைங்க, சத்தியமங்கலம் காட்டுக்கும் இதே சட்டம் தான், திம்பம் ரோட்டுல வண்டிய நிறுத்தி எடுத்துரலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்த ரோட்டுல பண்ணாரில இருந்து காராப்பள்ளம் வரைக்கும் ராத்திரி வண்டி விடறதுக்கே 2022ல இருந்து தடை இருக்கு.

அப்ப அந்த 18,000 எங்க போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் அங்கயே கேட்டுட்டாரு. "குடுத்தாச்சுங்ணா, ஆளு லீவுல இருக்காரு"ன்னான். யாருகிட்ட குடுத்தான், ரசீது எங்க, ஒண்ணும் இல்லை.

சரி வந்தது வந்தாச்சுன்னு ஆழியாறு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அதுக்குள்ள வெயிலு ஏறிருச்சு, ஞாயித்துக்கெழமை வேற, டூரிஸ்ட் கூட்டம், போற வர வண்டி எல்லாம் ஹாரன் அடிக்குது, புள்ளை மொகத்துல மேக்கப் வழியுது. மத்தியானத்துக்கு மேல வால்பாறை போயிரலாம்னான். 40 கொண்டை ஊசி வளைவு, பட்டுப் புடவை நகையோட ஏறி எறங்கறதுக்குள்ள இருட்டிரும், அம்மா அதெல்லாம் வேண்டாம் ஊட்டுக்குப் போலாம்னுட்டாங்க. திரும்பி வரப்ப தங்கச்சி கார்ல ஒரு வார்த்தை பேசலை. எனக்கு வயிறு எரிஞ்சுது, அவ கேட்டது ஒரு வாய்க்கால் கரை, அவ்வளவுதான்.

ட்ரோன் கதைய சொல்றேன். பேக்கேஜ்ல ட்ரோனுக்கு 15,000 தனியா போட்டிருந்தான், தோட்டத்துல பந்தலை மேல இருந்து எடுத்தா பிரமாதமா இருக்கும்னு. சீரு அன்னிக்கு வந்து நின்னுட்டு "அக்கா இது ஏர்போர்ஸ் ஏரியா, பறக்க விட முடியாது"ங்கறான். ஏப்பா, சூலூர்ல விமானப்படை தளம் இருக்கறது எங்க ஊரு சின்னப் பசங்களுக்கே தெரியும், அட்ரஸ் குடுத்து ரெண்டு தடவை வந்து எடம் பாத்துட்டுப் போனவனுக்குத் தெரியாதா? 2021ல வந்த ட்ரோன் ரூல்ஸ்படி டிஜிட்டல் ஸ்கைன்னு கவர்மெண்ட் மேப்பே இருக்கு, பச்சை மஞ்சள் சிவப்புன்னு பிரிச்சுப் போட்டிருக்காங்க, சிவப்புல மத்திய அரசு அனுமதி இல்லாம பறக்கவே விடக்கூடாது. நீங்க பீளமேடு ஏர்போர்ட் பக்கம், சூலூர் பக்கம் இருந்தீங்கன்னா காசு பேசறதுக்கு முன்னாடி அந்த மேப்பைத் தெறந்து உங்க எடத்தைப் பாத்துருங்க, ட்ரோனுக்கு பதிவு நம்பர் இருக்கான்னும் கேளுங்க. பறக்க விடாத ட்ரோனுக்கு அவன் காசைக் கழிக்கவே இல்லை.

இதெல்லாம் கூட காசோட போச்சுன்னு விட்டிருப்போம். மன்னிக்க முடியாதது சீரு தான்.

நம்ம பக்கம் கல்யாணம்னா தாலி கட்டறது மட்டும் இல்லைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சடங்கு நடத்தி வைக்கற பெரியவர் அருமைக்காரர் வந்து ஒவ்வொண்ணா செய்வாரு, தாய்மாமன் சீரு, இணைச்சீரு, மங்கல வாழ்த்துன்னு வரிசையா போகும். இணைச்சீருக்கு மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவங்க நிக்கோணும், இங்க அவரோட அக்கா தான் நிக்கறாங்க, அவங்க வெளிநாட்டுல இருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்தவங்க. பேசினது சீனியர் போட்டோகிராபர், வந்தது வேற ஊருல இருந்து ரெண்டு சின்னப் பசங்க, நம்ம சீரு ஒண்ணு கூட அவங்களுக்குத் தெரியலை. அந்தப் பசங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க, யாரோ அனுப்பினாங்க வந்தாங்க. ஆனா அவங்க கெணத்து மேட்டுல பொண்ணை வெச்சு ரீல்ஸ் எடுத்துட்டு இருந்த நேரத்துல இங்க இணைச்சீரு முடிஞ்சே போச்சு. ஓடி வந்து "ஐயா இன்னொரு தடவை பண்ணுங்க, ஒரு நிமிஷம் தான்"னு அருமைக்காரர்கிட்ட கேக்கறாங்க. எம்பது வயசு ஆளு, "சீரு செஞ்சா செஞ்சது தான் தம்பி, படத்துக்காக மறுபடி செய்யறதில்லை"ன்னுட்டாரு. அவரு சொன்னது நாயம் தானுங்க. மாப்பிள்ளையோட அக்கா கண்ணு கலங்கி அந்தப்பக்கட்டு திரும்பிட்டாங்க. அப்பத்தா செல்லுல எங்க சித்தி பையன் எடுத்த ஒரு ஆடின வீடியோ தான் இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்கு இருக்கறது.

அதனால போட்டோக்காரரைப் பேசறப்ப இணைச்சீருன்னா என்ன, எப்ப வரும்னு அவருகிட்டயே கேளுங்க. தெரியலைன்னா சீரு வரிசையை எழுதிக் குடுத்து, ஒவ்வொண்ணுக்கும் கேமரா எங்க நிக்கும்னு சொல்லச் சொல்லுங்க. எந்த ஆளு வராருன்னு பேரோட எழுதி வாங்குங்க. இன்ஸ்டால பொறுக்கி எடுத்துப் போட்ட பத்து படத்தைப் பாக்காதீங்க, ஒரே கல்யாணத்தோட மொத்த ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்க. இவன் எங்களுக்குக் காட்டின டாப்சிலிப் படத்துல ரெண்டு படம் வேற ஸ்டுடியோக்காரங்க எடுத்ததுன்னு கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாத்தப்ப தெரிஞ்சது, ஓரத்துல இருந்த பேரை வெட்டி எடுத்துட்டு அனுப்பி இருக்கான்.

கோயில் புக்கிங் விஷயம். அதுக்கு 25,000 வாங்கினான். தேதி நெருங்கறப்ப அம்மா சந்தேகப்பட்டு கோயில் ஆபீசுக்கே நேரா போயிட்டாங்க. அங்க இருந்தவங்க பொறுமையா சொன்னாங்க, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் வயசுச் சான்று, அட்ரஸ் ப்ரூப், போட்டோ, முதல் திருமணம்னு விஏஓ குடுக்கற சான்று எல்லாம் வேணும், எங்க பைல்ல அந்த சான்று வரவே இல்லை, அதனால உறுதியே ஆகலைன்னு. அப்பா அன்னிக்கே விஏஓ ஆபீஸ் ஓடினாரு. கோயில் ரசீதுல இருந்த தொகை அவன் வாங்கினதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. அதோட பிரகாரத்துக்குள்ள எல்லாம் கேண்டிட் எடுப்போம்னு சொல்லி இருந்தான், கோயிலுக்குள்ள செல்போன் கூடாதுன்னு ஐகோர்ட்டு 2022 டிசம்பர்லயே சொல்லியாச்சு, கேமராவுக்கு எங்க வரைக்கும் விடுவாங்கன்னு ஒவ்வொரு கோயில்லயும் ஆபீஸ்ல கேட்டாத் தான் தெரியும். நீங்களே போங்க. அரை நாள் வேலை, ரசீது உங்க பேருல கையில இருக்கும்.

அந்த ரசீதை பத்திரமா வெச்சுக்கோங்க, கல்யாணத்தைப் பதிவு பண்றதுக்கு அது வேணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி 90 நாளுக்குள்ள பதிவு பண்ணோணும், விட்டா கூடுதல் கட்டணத்தோட இன்னொரு 60 நாள். இவன் ரசீதை கையில வெச்சுட்டு பதிவுக்கும் தனியா 12,000 கேட்டான், நாங்க குடுக்கலை, சண்டை போட்டு ரசீதை வாங்கி சப்ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாங்களே முடிச்சுட்டோம்.

இப்ப நெலமை என்னன்னா, மீதிப் பணம் முழுசா குடுத்தா தான் போட்டோ பைல் தருவேன், அதுக்கும் மேல ஹார்ட் டிஸ்க் சார்ஜ் குடுங்கன்னு நின்னான். நாங்க 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்குப் போன் போட்டு புகார் பதிஞ்சோம், ஜிபே பண்ணின ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, செக்போஸ்ட்ல நின்ன போட்டோ எல்லாம் வெச்சு ரிஜிஸ்டர் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்பினோம். அதுக்கப்புறம் பாரஸ்ட் பர்மிஷன்னு வாங்கின 18,000 மட்டும் திரும்பி வந்துச்சு, பைலும் ஒரு பென்டிரைவ்ல வந்துச்சு. மீதிக்கு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கோம். அஞ்சு லட்சம் வரைக்கும் குடுத்த விவகாரத்துக்கு பீஸே கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும், ஆன்லைன்லயும் போடலாம், வக்கீல் இல்லாம நாமளே போயும் பேசலாம். நெறைய பேரு கோர்ட்டு கேஸுன்னா பயந்துட்டு விட்டுடறாங்க, அதை நம்பித் தான் இவனுங்க அடுத்த வீட்டுக்குப் போறானுங்க. பணமா குடுக்காதீங்க, குடுத்தா பில்லு வாங்குங்க.

தங்கச்சி கேட்ட படமும் எடுத்தோம். கல்யாணம் முடிஞ்சு அம்மிச்சி ஊட்டுக்கு விருந்துக்குப் போனப்ப கோபில சின்னதா ஸ்டுடியோ வெச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட பேசினோம். அவரு மொதல்ல கேட்டதே வாய்க்கால்ல தண்ணி விட்டிருக்காங்களா, நடவு முடிஞ்சு எத்தனை நாளாச்சுன்னு தான், இல்லைன்னா சேறும் காஞ்ச தாளும் தான் தெரியும்னாரு. வயல்காரர்கிட்ட அவரே போய்க் கேட்டு, வரப்பு மிதிபடாம எங்க நிக்கோணும்னு சொன்னாரு. கொடிவேரிக்கு பவானில தண்ணி ஜாஸ்தி வந்தா ஆளை உள்ள விடமாட்டாங்க, அதனால மொத நாளு போன் பண்ணிக் கேட்டுட்டு தான் வரச் சொன்னாரு. வெடியால வெயிலு வரதுக்குள்ள எடுத்து முடிச்சாச்சு, 9,000 தான் வாங்கினாரு, பில்லோட.