முழு மிரரா, கேஷ் மட்டும் போதுமா?

பல்கலைக்கழக லினக்ஸ் குழுவுக்கு மிரர் (மென்பொருள் களஞ்சியத்தின் உள்ளூர் நகல்) என்றதும் எல்லோர் மனதிலும் வருவது முழு மிரர்தான். நாங்களும் டெபியன் லினக்ஸின் களஞ்சியத்தை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் முழுசாக இறக்கி 2 வருடம் ஓட்டினோம். இப்போது ஏபிடி-கேஷர்-என்ஜி என்ற கேஷ் மட்டும்தான், யாராவது கேட்ட பேக்கேஜை மட்டும் இறக்கி அடுத்தவருக்காக வைத்துக்கொள்ளும், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, முதலில் கேட்பவர் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இடம் என்று பார்த்தால் முழு மிரருக்கு ஏஎம்டி64 (வழக்கமான 64-பிட் பிசி) மட்டுமே சில நூறு ஜிபி, எல்லா ஆர்க்கிடெக்சரும் (ப்ராசஸர் வகைகளும்) வேண்டுமென்றால் டெராபைட் கணக்கு. நம்பகத்தன்மையும் சமம்தான், கையெழுத்து டெபியனுடையது, அதை பேக்கேஜ் நிறுவும் கருவியான ஏபிடியே சரிபார்த்துவிடும்.

எங்களை மாற வைத்தது பராமரிப்பு. டெபியன் களஞ்சியம் நாளுக்கு 4 தடவை புதுப்பிக்கப்படுகிறது. பேக்கேஜ்கள் இருக்கும் பூல் முதலில் வர வேண்டும், அவற்றின் பட்டியல் இருக்கும் டிஸ்ட்ஸ் அப்புறம், பழைய கோப்புகளை அழிப்பது கடைசியில். டெபியன் தரும் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் இதைச் சரியாகச் செய்யும். நாங்களோ கிரானில் (நேரத்துக்கு வேலையை ஓட்டும் கருவி) ஒரே வரி ஆர்சிங்க் போட்டு வைத்திருந்தோம், அது ஆங்கில அகரவரிசையில் போகும், அதாவது டிஸ்ட்ஸ் முன்னால், பூல் பின்னால். ஒரு தேர்வுக் காலத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பட்டியல் வந்துவிட்டது, பேக்கேஜ் வரவில்லை, யாரும் கவனிக்கவில்லை. புது மாணவர்களுக்கு லினக்ஸ் போட்டுக்கொடுக்கும் நாளில் லேப்டாப்புக்கு லேப்டாப் 404, அதாவது கோப்பு இல்லை என்ற பிழை. மிரர் கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று காட்டும் ப்ராஜெக்ட்/ட்ரேஸ் கோப்பைத் திறந்தால் தேதி 11 நாள் பழசு. சர்வரை அமைத்தவர் படிப்பு முடித்துப் போயிருந்தார், ரூட் பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். மாணவர் குழுவில் ஆட்கள் வருடா வருடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், தினமும் ஒருவர் எட்டிப் பார்த்தால்தான் ஓடும் என்கிற சர்வர் அங்கே நிற்காது.

கேஷில் இந்தத் தொல்லை இல்லை. கோப்பு கையில் இல்லையென்றால் டெபியனின் வெளி சர்வரிலிருந்து எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். சர்வரே படுத்துவிட்டாலும், கேஷின் 3142 போர்ட்டைக் காட்டும் ப்ராக்ஸி (இடையில் நின்று கோப்பு எடுத்துத் தரும் சர்வர்) வரியை ஏபிடி அமைப்பிலிருந்து எடுத்தால் வேலை நடக்கும். லேப்டாப்புகளில்தான் ஒரு சிக்கல்: வளாகத்தை விட்டு வெளியே போனதும் ஏபிடி அந்த ப்ராக்ஸியைத் தேடி நின்றுவிடும். ஏபிடியின் ப்ராக்ஸி-ஆட்டோ-டிடெக்ட் அமைப்பில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கொடுத்து, சர்வர் தென்பட்டால் மட்டும் பயன்படுத்தும்படி வைத்தோம். பேக்கேஜ் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் வரிகள் ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் கேஷ் ஆகாது, ஹெச்டிடிபியாக மாற்ற வேண்டும்.

வெளி இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடமா, அல்லது சம்பளத்துக்கு நிரந்தரமாக ஒரு அட்மின் இருக்கிறாரா? அப்படியானால் தாராளமாக முழு மிரர் வையுங்கள், ஆனால் எஃப்டிபிசிங்க்கோடு.

நான் சொன்னதெல்லாம் டெபியன், உபுண்டு அனுபவம். ஃபெடோராவைக் கொஞ்ச நாள்தான் முயன்றேன். அதன் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப் தடவைக்கு ஒரு மிரரைத் தேர்ந்தெடுக்கக்கூடும் என்பதால், மெட்டாலிங்க்கை (மிரர்களின் பட்டியலைத் தரும் முகவரி) எடுத்துவிட்டு பேஸ்யூஆர்எல் (ஒரே மிரரின் முகவரி) ஒன்றை நிலையாகக் கொடுத்த பிறகுதான் கேஷ் பயன்பட ஆரம்பித்தது.