படகுக்கு எலிக்கூண்டு: கடைக் கம்பிக்கூண்டு தேறுமா?

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் ஹார்டுவேர் கடைகளில் தொங்கும் ஒரு அடி நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிக்கூண்டு வீட்டுக்குத் தாராளமாகப் போதும். விசைப்படகுக்கு, வாங்கியபடியே வைத்தால் ஒரு சீசன்கூடத் தாங்காது.

முதலில் கெடுவது கீல். உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிடும். கொக்கி விடுபட்டாலும் கதவு பாதியில் நின்றுவிடும். ஸ்பிரிங்கும் தளர்ந்துபோகும். கீல், கொக்கி, ஸ்பிரிங் மூன்றிலும் கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒருமுறை கொக்கியைத் தட்டிப் பாருங்கள், கதவு டப்பென்று விழ வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் குட்டிகள் நழுவிவிடும்; கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

இரைக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது கருவாடு. வெறுமனே குத்திவைத்தால் கதவு விழாமலே தின்றுவிட்டுப் போய்விடும். நூலால் இறுகக் கட்ட வேண்டும். புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும். அதனால் மூன்று நான்கு இரவு கதவைத் திறந்தே கட்டிவைத்து இரை போட்டுப் பழக்கி, பிறகு கொக்கியை மாட்டுங்கள். வலைக்குவியல் ஓரத்திலோ இன்ஜின் அறைப் பலகையை ஒட்டியோ வைக்கலாம். நடுத்தளத்தில் வைப்பது வீண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் சும்மா கிடக்கும் வலைக்குள் எலி குட்டி போடும், நைலானைக் கடித்துக் குதறும். படகைக் கட்டிய அன்றே கூண்டையும் வைத்துவிட வேண்டும்.

நீல மெழுகுக் கட்டி (புரோமடையலோன் 0.005%) சுலபம் என்பார்கள். வீட்டில் சரி. படகில் வேண்டாம். தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும், பலகை இடுக்கில் செத்து நாறும். அதைவிடப் பெரிய சங்கதி, அந்த நாலைந்து நாளும் அது நடமாடும், கயிறு ஏறும், நீந்தும். குருசடை, மனோலி, முசல் தீவுப் பக்கம் நங்கூரமிட்டால் இறங்கியும் விடும். கட்டி தீவில் சிந்தினால் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் அதைத் தின்னும். செத்த எலியைத் தூக்கும் பருந்துக்கும் விஷம் போய்ச்சேரும்.

ஒரு எலி இறங்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவைப் பார்க்கலாம். மக்லியர் எலி, புல்டாக் எலி என்று அந்தத் தீவுக்கே உரிய இரண்டு இனங்கள் அங்கே ஏராளமாக இருந்தன. 1899-ல் இந்துஸ்தான் என்ற கப்பலில் கருப்பெலிகள் வந்திறங்கின. 1908-ல் தேடியபோது அந்த இரண்டில் ஒன்றுகூட இல்லை. கருப்பெலியின் தெள்ளுப்பூச்சி பரப்பிய டிரிப்பனோசோம் என்ற ரத்த ஒட்டுண்ணிதான் காரணம் என்ற சந்தேகத்துக்கு, அருங்காட்சியகத் தோல்களில் எடுத்த டிஎன்ஏ 2008-ல் வலுச் சேர்த்தது. ஆக, வந்த எலி சண்டை போடவே வேண்டாம், நோயோடு கரையேறினாலே போதும். நம் பக்கத்தில் ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் ஆலா என்ற கடற்பறவைகள் வெறுந்தரையில்தான் முட்டையிடுகின்றன. எலிக்கு அது கைக்கெட்டிய இரை.

கூண்டின் தனி லாபம் இங்கேதான்: எலி எங்கும் போகாது. ஆனால் பிடித்ததைப் பாவம் பார்த்துத் தீவோரம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கூண்டே வைக்காமல் இருக்கலாம். ஜெட்டிக்குக் கொண்டுவந்து கொன்று, ஆழமாகப் புதையுங்கள். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாகப் பரவும், அதனால் ரப்பர் கையுறை கட்டாயம். கூண்டை பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி கிரீஸ் போட்டு எடுத்துவையுங்கள். பிளீச்சிங்கை அலசாமல் விட்டால் உப்பைவிட வேகமாகக் கம்பியைத் தின்றுவிடும்.