லைட்டர் சாக்கெட் வோல்ட் மீட்டர்: வாங்கலாம், ஆனால் முதலில் அதன் பிழையை அளந்துவிடுங்கள்

காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியதும் சிவப்பு எழுத்தில் வோல்ட் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரும்பாலானவற்றில் கம்பெனிப் பெயர்கூட இருக்காது. ஒன்றிரண்டு யுஎஸ்பி துளையும் சேர்ந்தே வரும். திருநெல்வேலி வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை வாங்கச் சொல்வதில் தயக்கமே இல்லை. டாஷ்போர்டில் இருக்கிற சிவப்பு பேட்டரி விளக்கு, பெரும்பாலும் சார்ஜ் ஏறுவது நின்ற பிறகுதான் எரியும். சார்ஜ் குறைந்துகொண்டே வருவதை இந்தக் கருவி அதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பினால், நல்ல ஆல்டர்னேட்டரை (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பாகம்) கழற்றி மாற்றுகிற வீண் செலவில் போய் நிற்கும்.

ஏனென்றால் அது அளப்பது பேட்டரியை அல்ல, சாக்கெட் வரை வந்து சேர்கிற மின்னழுத்தத்தை. நடுவில் பியூஸ், ஒயர், எர்த் (வண்டி உடம்போடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் வாங்கிய அன்றே ஒரு மல்டிமீட்டரை (இரண்டு முனையை வைத்து வோல்ட் அளக்கும் கைக்கருவி) வைத்து ஒப்பிட்டுவிட வேண்டும். இன்ஜின் ஓடட்டும், ஏசி, ஹெட்லைட் அணைந்திருக்கட்டும். மல்டிமீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வைக்க வேண்டும், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. சாக்கெட் மீட்டர் 0.1 அல்லது 0.2 வோல்ட் குறைத்துக் காட்டினால் சகஜம். அடுத்து ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாவற்றையும் போட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம் 0.5-ஐத் தொட்டால் சாக்கெட்டுக்குப் போகும் பாதையில்தான் கோளாறு, சார்ஜிங்கில் அல்ல. போனை அதே கருவியில் சார்ஜ் போட்டிருந்தாலும் எண் சற்று இறங்கும்.

இந்த ஒப்பீட்டுக்கு மஞ்சள் நிற டிடி-830டி வகை மல்டிமீட்டரே போதும், மூன்று விஷயத்தில் கவனமாக இருந்தால். டிசி (நேர்மின்னோட்டம்) 20 வோல்ட் அளவில் திருகுங்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கவே கூடாது. அதோடு பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட். பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு பியூஸும் கிடையாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும், 12.6 இருக்கும் இடத்தில் 13-க்கு மேல் காட்டிவிட்டு, இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும். ஆல்டர்னேட்டரில் ஏசியை (மாறுமின்னோட்டம்) டிசியாக மாற்றும் டையோடு சரியா என்று, மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்க்கும் சோதனையை இதில் செய்யாதீர்கள். ஏசி அளவில் வைத்து டிசியைத் தொட்டால் இது இரு மடங்குக்கும் மேல் காட்டும். அந்தச் சோதனைக்கு டிசியைத் தடுத்துவிட்டு அளக்கும் நல்ல மீட்டர் வேண்டும், அதில் 0.5 வோல்ட் ஏசிக்கு மேல் வந்தால் டையோடு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எண்களுக்கு வருவோம். இன்ஜின் அணைத்து ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 முதல் 12.7 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். ஓட்டி நிறுத்திய சூட்டோடு அளந்தால் 13 காட்டும், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

ஸ்டார்ட் செய்த பிறகு 13.8 முதல் 14.7 வரை என்பதுதான் பொதுவான அளவு. நம்மூரில் இதைச் சற்று விரித்துப் படிக்க வேண்டும். சூடான பேட்டரிக்குக் குறைந்த வோல்ட் போதும், அதிகம் கொடுத்தால் தண்ணீர்தான் வற்றும். அதனால் சூடு ஏற ஏற, ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதை இறக்கும்படியே பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். சித்திரை மாதக் காலையில் பாளையங்கோட்டையில் கிளம்பும்போது 14.4 காட்டிய வண்டி, நாலுவழிச் சாலையில் நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போகும்போது 13.7 காட்டினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் வரை நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால் 13.2 வரை இறங்கும். ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்து 1,500 ஆர்பிஎம் போனதும் ஏறிவிட்டால் கவலை வேண்டாம். ஏறாவிட்டால்தான் பார்க்க வேண்டும்.

மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் போல, வேகம் குறையும்போது மின்சாரம் எடுத்துச் சேமிக்கும் வண்டிகளில் இந்தக் கணக்கே வேறு. சீரான ஓட்டத்தில் 13-க்குக் கீழேகூட நிற்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 14-ஐத் தாண்டும். அந்த ஏற்ற இறக்கம் இயல்பு.

இன்ஜின் ஓடும்போதே 12.5, 12.3 என்று படிப்படியாக இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட், அடுத்து ஒயர், கடைசியில்தான் ஆல்டர்னேட்டர். ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒயரோ முறுக்கிய இடமோ கெட்டிருக்கிறது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 தாண்டக் கூடாது. உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் எர்த் போல்ட்டும் டெர்மினலும் பூத்துப்போவதே பாதிக் காரணமாக இருக்கும். நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் அந்தப் பிரச்சினை தீரும். அதுவும் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷும் ரெகுலேட்டரும் பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கம், 15-க்கு மேல் நிலையாக நின்றால் உடனே நிறுத்த வேண்டிய விஷயம். அழுகிய முட்டை நாற்றமும் பேட்டரி பக்கவாட்டில் உப்புவதும் கூடவே வரும். ரெகுலேட்டரை மாற்றாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் போகும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "டைனமோ நல்லாத்தான் இருக்கு" என்று பார்க்கும் பழைய வழியை யாரையும் செய்ய விடாதீர்கள். ஒயர் விடுபட்ட நொடியில் வோல்ட் எகிறி இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எரிந்துபோகலாம்.

சாக்கெட் மீட்டரால் முடியாத ஒன்று உண்டு: செல்ஃப் அடிக்கும்போது பல வண்டிகளில் சாக்கெட்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். அந்த நேரத்து இறக்கத்தை பேட்டரி மேல் மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது. சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும் வண்டி என்றால் மீட்டரைக் கையோடு பிடுங்கி வையுங்கள். அது 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்தாலும் மாதத்துக்கு 14 ஆம்பியர்-மணி போகும். வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, மேலப்பாளையத்தில் உறை போட்டு நிற்கும் காரில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால், அவர் லீவில் வந்து சாவி திருப்பும்போது செல்ஃப் எடுக்காது.