பஃபருக்கு (ஆம்பிளிஃபயருக்கு முன்னால் வைக்கும் இடைச்சுற்று) எந்த வால்வு (வெற்றிடக் குழாய்): 12ஏயு7-ஆ, 6டிஜே8-ஆ?

சிங்கப்பூரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் ஒரு மாலை முழுக்க அலைந்து இரண்டையும் வாங்கி வந்தேன். சுற்று ஒன்றுதான்: கேத்தோடு ஃபாலோயர். ஒலியைப் பெருக்காது, வெளியீட்டு மின்மறுப்பைக் குறைக்கும், அவ்வளவுதான்.

12ஏயு7 சுமார் 450 ஓம் வெளியீட்டு மின்மறுப்பு தரும். 6டிஜே8 ஏறக்குறைய 80 ஓமுக்கு இறங்கிவிடும். நீளமான கேபிளுக்கு இதுதான் சரி. ஆனால் செல்லப்பிள்ளை: ஆனோடில் (நேர்மின் முனை) 130 வோல்ட்டுக்கு மேல் கூடாது, கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) சிறு ரெசிஸ்டர் இல்லையென்றால் தானாகவே ஆசிலேட் ஆகலாம், அதாவது சிக்னல் இல்லாமலே அதிரத் தொடங்கலாம். 12ஏயு7 300 வோல்ட் வரை தாங்கும், நம் தவறுகளையும் பொறுக்கும். அப்புறம், சாக்கெட் ஒன்றுபோல் இருக்கிறதே என்று மாற்றிச் செருகாதீர்கள். ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) இணைப்பு வேறு.

என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஆம்பிளிஃபயர் இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. கேபிள் நீளமில்லை, அதனால் 12ஏயு7-தான் செருகியிருக்கிறேன்.