அலபாமா வழக்கை வரைந்து பார்க்க ஒரு கருவி: ‘டேவ்ஸ் ரீடிஸ்டிரிக்டிங்’

அமெரிக்கத் தொகுதி மறுவரையறை வழக்குகளைத் தீர்ப்புகளை மட்டும் படித்து விளங்கிக்கொள்வது கடினம். எல்லைக்கோடு எந்த ஊரை எங்கே வெட்டுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் வாதம் பிடிபடும். அதற்கு டேவ் பிராட்லீ உருவாக்கிய ‘டேவ்ஸ் ரீடிஸ்டிரிக்டிங்’ என்ற இலவச இணையச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு தொகுதிக்குரிய வண்ணத்தை வாக்குச்சாவடி வட்டாரங்களின் மேல் பூசிக்கொண்டே போகவேண்டியதுதான். மக்கள்தொகை கூடுவதும் குறைவதும் உடனுக்குடன் தெரியும்.

அலபாமாவில் தொடங்குவது நல்லது. 2020 கணக்கெடுப்பின்படி அங்குள்ள 50,24,279 பேரை அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் ஏழு தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சுமார் 7,17,754 பேர். மக்களில் கால்பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் என்றாலும், சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றிய வரைபடத்தில் ஏழாம் தொகுதி ஒன்றில்தான் அவர்கள் பெரும்பான்மை. இது தங்கள் வாக்கின் வலிமையைக் குறைக்கிறது என்று கறுப்பின வாக்காளர்கள் தொடுத்ததே அலபாமா வழக்கு. அந்த வரைபடத்தைத் திறந்து, இனவாரி மக்கள்தொகையை அதன்மேல் காட்டச் செய்தால், ஏழாம் தொகுதி பர்மிங்காமுக்கும் மான்ட்கோமரிக்கும் விரல் நீட்டிக் கறுப்பினக் குடியிருப்புகளை அள்ளிக்கொள்வதும், கறுப்பினத்தவர் மிகுதியாக வாழும் ‘பிளாக் பெல்ட்’ வட்டாரத்தின் எஞ்சிய பகுதி வேறு தொகுதிகளுக்குச் சிதறுவதும் தெளிவாகத் தெரிகின்றன.

இன அடிப்படையில் வாக்குரிமையைக் குறைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், பிரிவு 2இன்கீழ் வழக்குத் தொடுப்பவர்கள், நியாயமாக வரையப்பட்ட இன்னொரு தொகுதியிலும் பெரும்பான்மை பெறும் அளவுக்குச் சிறுபான்மையினர் எண்ணிக்கையிலும் நெருக்கத்திலும் இருக்கிறார்கள் என்பதை முதலில் காட்டவேண்டும் என்று 1986இல் கிங்கிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. செயலியின் உண்மையான பயன் இங்கேதான். மொபைல் நகரைக் கிழக்கே பிளாக் பெல்ட்டோடும் மான்ட்கோமரியோடும் இணைத்துப் பார்க்கலாம். அப்படி இணைத்தால் மொபைல், பால்ட்வின் என்ற இரு கடலோரக் கவுண்டிகள் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) பிரிகின்றன என்ற மாநில அரசின் மறுப்பையும் எடைபோடலாம். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் வாதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகும், சட்டமன்றம் அந்தக் கவுண்டிகளைப் பிரிக்காமலே வரைந்த புதிய வரைபடத்தில், இரண்டாம் தொகுதியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் 40 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கீழ் நீதிமன்றம் அதை நிராகரித்து நடைமுறைப்படுத்திய வரைபடத்தில் அந்த விகிதம் 48.7 விழுக்காடு. இவ்விரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது, நூறு பக்கத் தீர்ப்பைப் படிப்பதைவிடத் தெளிவு தரும்.

எனக்குத் தயக்கமுள்ள இடம் மதிப்பெண்கள். விகிதாசாரம் (கட்சி பெறும் வாக்குக்கேற்ப இடங்கள் கிடைப்பது), போட்டித்தன்மை, சிறுபான்மைப் பிரதிநிதித்துவம், தொகுதி வடிவத்தின் நெருக்கம், கவுண்டிகள் பிளவுபடும் அளவு என ஐந்து அளவுகோல்களில் செயலி ஒவ்வொரு வரைபடத்தையும் தரப்படுத்துகிறது. புதியவர்கள் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கட்சிச் சார்பான தொகுதிப் பங்கீட்டைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2019இல் ருச்சோ வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்ததால், விகிதாசார மதிப்பெண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து அங்கே வழக்கை நகர்த்த முடியாது. மாநில அரசமைப்பு இடம் தந்தால் மாநில நீதிமன்றத்தை நாடலாம்.

மக்கள்தொகையைத் துல்லியமாகச் சமன்செய்ய வட்டாரங்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மிகச் சிறிய பகுதிகளாக உடைக்க வேண்டியிருப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கைபேசித் திரை இதற்குப் போதாது. வெற்று வரைபடத்தில் தொடங்காமல், நடைமுறையிலுள்ள வரைபடத்தை நகலெடுத்து, சர்ச்சைக்குரிய ஓரிரு கவுண்டிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள்.