உப்புக் காற்றில் ஒரு .32 பிஸ்டல்

மச்சானுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. பிஸ்டலா ரிவால்வரா என்று தினமும் போன். 9 எம்எம் குழல் அளவு நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது, .32தான் என்பதெல்லாம் அவனுக்கே தெரியும். என்னிடம் இரண்டும் இருப்பதால் என்னைப் பிடித்துக்கொண்டான். ரிவால்வர் பழசு, நடுவில் மடித்துத் திறக்கிற வகை. பிஸ்டல் பிறகு வந்தது. அப்பா காலத்து டபுள் பேரல் ஒன்றும் இருந்தது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்று 2019 சட்டத் திருத்தம் சொன்னதும் அதை ஒப்படைத்தாயிற்று.

பிஸ்டலின் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோகும். அது தட்டை. ரிவால்வரில் தோட்டா போடுகிற சுழல் உருளை இடுப்பில் புடைத்துக்கொண்டு நிற்கும். சனிக்கிழமை கூலிப் பணத்தோடு உப்பளத்துக்குப் போனால் நாலு பேர் கண் அங்கேதான் போகும். பிஸ்டலைச் சட்டைக்குள் உறையில் வைத்தால் வீட்டம்மாவுக்கே தெரியாது. .32 தோட்டாவுக்கு உதைப்பும் குறைவு, மணிக்கட்டு நோகாது. மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகுகிற தோட்டாக் கூட்டில், தோட்டாவை அடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இந்தத் தோட்டாவின் அடி விளிம்பு உடம்பைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டினால் மேகசின் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் முன்பக்கம் தள்ளி அடுக்கிப் பழகினால் தொல்லை இல்லை.

இனி துரு.

தூத்துக்குடியில் உப்பளக் காற்று ஆணியை விடாது, கேட்டை விடாது, பிஸ்டலை மட்டும் விடுமா? மேலே கருநீலமாகப் பளபளக்கிறதே, அது பெயின்ட் இல்லை. இரும்பின் மேல் வேண்டுமென்றே உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு. எண்ணெய் இருக்கும்வரைதான் அதற்குக் காவல். இடுப்பு வியர்வை பட்டு, துடைக்காமல் ராத்திரி வைத்துவிட்டால், காலையில் ஸ்லைடின் (குழலுக்கு மேலே முன்னும் பின்னும் நகர்கிற பகுதி) வரிப்பள்ளங்களில் செம்மண் நிறம் தெரியும். கைப்பிடித் தகட்டுக்கு அடியில் இருப்பது கண்ணுக்கே தெரியாது. நன்றாகச் சுடுகிற பொருளைத் தினமும் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதையும் பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் இருந்தால். தேர்தல் வந்தால் வீட்டில் இருக்காதே! 2024 மார்ச் 16 அன்று தேர்தல் நடத்தை விதி வந்தது. தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு, கொண்டுபோய்க் கொடுத்தேன். நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-ஓடு முடிந்தது. ஆனால் நாடு முழுக்க முடிந்து எண்ணிக்கை ஜூன் 4. அதுவரை, வெயில் கொளுத்துகிற மாதங்கள் முழுக்க, என் பிஸ்டல் ஓர் இரும்புப் பெட்டியில் மற்ற துப்பாக்கிகளோடு கிடந்தது. திரும்பி வந்தபோது ஸ்லைடில் புள்ளிப் புள்ளியாகத் துரு அரித்திருந்தது. ஏட்டய்யாவைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டு ஒட்டி, எண் எழுதி, பத்திரமாகத் திருப்பித் தந்தார். எண்ணெய் போடுவது அவர் வேலை இல்லை. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. தேய்த்து மறுபடி நிறமேற்றக் கொடுத்ததில் துரு போனது, பொறித்த எழுத்துகளின் கூர்மையும் கூடவே போனது.

ஸ்டேஷனுக்குப் பதில் லைசென்ஸ் உள்ள டீலரிடமும் ஒப்படைக்கலாம். வாடகை கேட்பார்கள், கொடுத்துவிடலாம். எடுத்துத் துடைத்து வைக்க ஆள் இருக்கும். ரசீதை ஸ்டேஷனில் காட்டினால் சரி.

வீட்டுப் பராமரிப்பில் வரிசைதான் முக்கியம். முதலில் மேகசினைக் கழற்று, அப்புறம் ஸ்லைடை இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார். மாற்றிச் செய்தால் நீயே அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றி வைக்கிறாய். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் போதும், அதுவும் மெல்லிசாக. மேகசினுக்கு உள்ளே எண்ணெய் விடாதே. தூசி ஒட்டும், தோட்டாவின் பின்பக்கத்தில் அடி பட்டதும் பற்றிக்கொள்கிற கேப்புக்குள் இறங்கினால் சமயத்தில் வெடிக்காது. தோலுறை உடுத்திக்கொண்டு போகத்தான். வியர்வையைக் குடித்த தோலுக்குள் பிஸ்டலை உறங்க வைத்தால் துருவை நீயே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடு.

பழைய ரிவால்வருக்கும் இதே காற்று, இதே ஸ்டேஷன்தான். ஆனால் அது உருளையைத் திறந்து ஒரு துணியால் துடைத்தால் முடிகிற சமாச்சாரம். ஒளிந்துகொள்ளும் இடுக்கும் ஸ்பிரிங்கும் குறைவு. அழகில்லை, கனம், புடைப்பு. இருந்தும் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டாலும் முகம் சுளிக்காது.

எனவே மச்சான், நீ ரிவால்வரே வாங்கு. அதைவிட நல்லது, ஒன்றுமே வாங்காமல் கூலியை ஜிபேயில் போடு. என் பிஸ்டலை விலைக்குக் கேட்டுவிடாதே. விற்பதென்றால் எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் எனக்கு மனசு மாறிவிடும்.